அடுத்தவர் எழுதிய நிரலும் நம் வீட்டுத் திண்ணையும்

ஸ்கேன் செய்த ஆவணங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் எழுதுவது என் தொழில். வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், கோர்ட் ஆர்டர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என எது பிடிஎஃப்பாக வந்தாலும் எங்கள் மென்பொருள் அதைத் திரையில் விரித்துக் காட்டும். சென்னை தரமணியில் உட்கார்ந்து பல வருஷமாக சி பிளஸ் பிளஸ் மொழியில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பக்கம் திரையில் தெரிவதற்குள் ஓடி முடிக்கும் நிரல் வரிகளில் பெரும்பகுதி எங்கள் குழு எழுதியது இல்லை. ஜேபெக் படத்தை விரிக்க ஒரு லைப்ரரி, டிஃப் படத்துக்கு இன்னொன்று, எழுத்துருவை வரைய ஃப்ரீடைப், சுருக்கிய தரவை விரிக்க ஸீலிப். இவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ஆயத்த நிரல்கள். எடுத்துச் சேர்த்துக்கொண்டால் போதும், அந்த வேலை முடிந்துவிடும். உங்கள் போனில் இருக்கும் பிரௌசர், வங்கிச் செயலி, அரட்டைச் செயலி எல்லாமே இப்படிக் கட்டப்பட்டவைதான்.

இப்படிச் சேர்த்துக்கொள்ளும்போது கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மென்பொருளுக்கு இருக்கும் அத்தனை அதிகாரமும் அந்த லைப்ரரிக்கும் போய்விடுகிறது. அது யார் எழுதியது, எத்தனை பேர் சரிபார்த்தது என்ற கேள்வியே இல்லை. படம் விரிக்க வந்த நிரலுக்கு உங்கள் கடவுச்சொல்லைப் படிக்கும் உரிமையும் கிடைத்துவிடுகிறது. இது எவ்வளவு பெரிய ஆபத்து, இதற்கு என்ன மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ஜிஃப் என்ற பெயரில் வந்த பிடிஎஃப்

2021 செப்டம்பர் 13 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு ஓர் அவசரப் புதுப்பிப்பை வெளியிட்டது. சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் போனை ஆராய்ந்த டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், அதில் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் நுழைந்திருந்த வழியைக் கண்டுபிடித்துச் சொன்னதன் விளைவு அது. அந்தத் தாக்குதலுக்கு 'ஃபோர்ஸ்ட்என்ட்ரி' என்று பெயரிட்டார்கள்.

போனுக்கு ஐமெசேஜ் வழியாக ஒரு கோப்பு வரும். பெயரைப் பார்த்தால் ஜிஃப், உள்ளே இருப்பது பிடிஎஃப். அதற்குள் ஜேபிக் 2 என்ற முறையில் சுருக்கப்பட்ட ஒரு படம். போனை வைத்திருப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. செய்தி வந்து சேர்ந்தாலே போதும்.

ஜேபிக் 2 எங்கள் தொழிலில் தினமும் புழங்குகிற பெயர். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்குவதற்கான முறை அது. ஒரு பக்கத்தில் ஒரே எழுத்து நூறு இடத்தில் வந்தால், அதன் வடிவத்தை ஒரு முறை மட்டும் சேமித்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'அதே எழுத்து, இந்த இடத்தில்' என்று குறித்துவைக்கும். ஆப்பிள் இதற்குப் பயன்படுத்திய நிரல், எக்ஸ்பிடிஎஃப் என்ற பழைய திறந்தமூல மென்பொருளிலிருந்து வந்தது. எழுத்து வடிவங்கள் எத்தனை என்று கூட்டும் இடத்தில் அதில் ஒரு பிழை இருந்தது. எண்ணிக்கை அளவுக்கு மீறிப் பெரிதாகும்போது கூட்டல் சுற்றி வந்து ஒரு சின்ன எண்ணாகிவிடும். அந்தச் சின்ன எண்ணுக்குத் தக்கபடி நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டு, உண்மையில் அதைவிட எத்தனையோ மடங்கு தரவை நிரல் எழுதத் தொடங்கும். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அடுத்தவர் இடத்திலும் எழுதிக்கொண்டே போகும்.

அதற்குமேல் நடந்ததை கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு அதே ஆண்டு டிசம்பரில் விளக்கி எழுதியது. ஜேபிக் 2 முறையில் படத்துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சேர்க்கவும் கழிக்கவும் வசதி உண்டு. தாக்கியவர்கள் அப்படிப்பட்ட 70,000-க்கும் அதிகமான கட்டளைகளை அடுக்கி, அந்தப் படத்துக்குள்ளேயே கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சிறு கணினியைக் கட்டிவிட்டார்கள். படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் பத்திரம் பார்க்கப் பயன்படுத்துகிற அதே முறை அது.

ஒரே நினைவகம், ஒரே அதிகாரம்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை ப்ராசஸ் என்கிறோம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி நினைவகத்தை இயக்க முறைமை ஒதுக்கித் தருகிறது. ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் லைப்ரரிக்குத் தனி ப்ராசஸ் கிடையாது. சேர்த்துக்கொண்ட மென்பொருளின் ப்ராசஸுக்குள்ளேயே அதுவும் ஓடும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதப்பட்ட எந்த வரியும் அந்த ப்ராசஸின் எந்த மூலையையும் படிக்கலாம், பெரும்பாலான இடங்களில் எழுதவும் செய்யலாம். லைப்ரரி எழுதியவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் விட்ட ஒரு சின்ன ஓட்டை வழியாக, கோப்பை அனுப்பிய கெட்டவர் உள்ளே வந்துவிட்டால், லைப்ரரிக்கு இருக்கும் அதிகாரம் எல்லாம் அவருக்கும் வந்துவிடும்.

இது எப்போதாவது நடக்கிற விபத்து இல்லை. தங்கள் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் சரிசெய்யப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. கடுமையான குறைகளில் ஏறக்குறைய அதே 70 சதவீதத்தை குரோம் குழு 2020-இல் சொன்னது. உலகின் திறமையான பொறியாளர்கள் எழுதிய நிரல்களின் கணக்கு இது. கவனமாக எழுதினால் சரியாகிவிடும் என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ரஸ்ட் மாதிரியான பாதுகாப்பான மொழியில் மறுபடி எழுதிவிடலாமே என்று கேட்கலாம். எழுத வேண்டும்தான், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளில் சேர்ந்த நிரல்களை மாற்றி எழுதி, பழைய கோப்புகள் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்து முடிக்க ஒரு தலைமுறை ஆகும். அதுவரை இருக்கிற லைப்ரரியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அதிகாரத்தை மட்டும் எப்படிக் குறைப்பது? இதற்கான விடைதான் சாண்ட்பாக்ஸ்.

திண்ணை

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் திண்ணை தெரியும். ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர் வந்தாலும் அங்கே படுத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொடுப்பார்கள், சாப்பாடும் கிடைக்கும். அவரை யாரும் சந்தேகப்படுவதில்லை, விசாரணை செய்வதும் இல்லை. ஆனால் நடைக்கதவுக்கு உள்ளே அவருக்கு வேலை இல்லை. வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவுசெய்ய வேண்டிய அவசியமே வீட்டுக்காரருக்கு இருக்காது. சாண்ட்பாக்ஸ் என்பது ஒரு லைப்ரரிக்கு அப்படி ஒரு திண்ணையைக் கட்டிக்கொடுப்பது. வேலைக்கு வேண்டிய நினைவகம் அதற்கு உண்டு. அதற்கு வெளியே உள்ள எதுவும் அதன் கைக்கு எட்டாது.

இதைக் கட்டுவதற்கு முதலில் கிடைத்த வழி, தனி ப்ராசஸ். 2008-இல் குரோம் வந்தபோது, இணையப் பக்கங்களை வரையும் பகுதியைத் தனி ப்ராசஸ்களாகப் பிரித்து, கோப்புகளைத் திறக்கும் உரிமையை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் தனி ப்ராசஸ் என்ற நிலைக்குப் பிரௌசர்கள் நகர்ந்தன. ஃபயர்பாக்ஸ் 2021-இல் அங்கே வந்து சேர்ந்தது.

அதிலும் ஒரு குறை இருக்கிறது. மின்னஞ்சல் தளம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். யாரோ அனுப்பிய படம் அங்கே விரிகிறது. படம் விரிக்கும் லைப்ரரியில் ஓட்டை இருந்தால், வந்தவரால் உங்கள் வங்கித் தளத்துக்குப் போக முடியாதுதான். ஆனால் அந்த ப்ராசஸில் இருக்கும் உங்கள் அஞ்சல் எல்லாம் அவர் கண் முன்னே கிடக்கும். அப்படியானால் ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனி ப்ராசஸ் கொடுத்துவிடலாமா? ஒவ்வொரு ப்ராசஸுக்கும் நினைவகச் செலவு உண்டு. ஒரு ப்ராசஸ் இன்னொன்றிடம் ஒரு வேலை கேட்டுப் பதில் வாங்குவது, தன் நிரலுக்குள்ளேயே ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதியை, அதாவது ஒரு ஃபங்ஷனை, அழைப்பதைவிட மிகவும் மெதுவானது. ஒரு பக்கத்தில் நூறு படமும் பத்து எழுத்துருவும் இருந்தால் கணினி திணறிவிடும்.

ஒரே ப்ராசஸுக்குள் ஒரு வேலி

தனி ப்ராசஸ் இல்லாமலேயே லைப்ரரியைத் தடுத்துவைக்கும் கருத்து 1993-லேயே பிறந்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ராபர்ட் வாபே, ஸ்டீவன் லூக்கோ, தாமஸ் ஆண்டர்சன், சூசன் கிரஹாம் ஆகிய நால்வரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்பத்தகாத நிரலைத் தனி ப்ராசஸில் வைக்க வேண்டாம், அதன் கட்டளைகளையே திருத்திவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நினைவகத்தில் எழுதுகிற ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், முகவரியை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இழுத்துப் பொருத்தும் ஓரிரு கட்டளைகளைச் சேர்த்துவிடுவது. அப்புறம் அந்த நிரல் வெளியே எழுத வேண்டும் என்று நினைத்தாலும் அதனால் முடியாது.

கூகுள் 2008-இல் வெளியிட்ட நேட்டிவ் கிளையண்ட் இந்த வழியில் வந்தது. அதன்பின் 2017-இல் முக்கியப் பிரௌசர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட வெப் அசெம்ப்ளி, 2019 டிசம்பரில் உலகளாவிய வலை அமைப்பின் தரநிலையாகவே ஆனது. இணையப் பக்கத்தில் வேகமாக ஓடும் நிரல்களுக்காகத்தான் வெப் அசெம்ப்ளி பிறந்தது. ஆனால் அதன் அமைப்பிலேயே அழகான ஒரு வேலி இருக்கிறது.

வெப் அசெம்ப்ளி நிரலுக்கு ஒரு தொடர்ச்சியான நினைவகத் துண்டு மட்டும் தரப்படும். அதன் முகவரிகள் வழக்கமாக 32 பிட் எண்கள். 32 பிட்டில் எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் 4 ஜிபி எல்லையைத் தாண்டாது. 64 பிட் கணினியில் முகவரிப் பரப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே ஒவ்வொரு சாண்ட்பாக்ஸுக்கும் 4 ஜிபி முகவரிப் பரப்பையும், அதன் பின்னால் யாரும் தொடக்கூடாத ஒரு காவல் பரப்பையும் ஒதுக்கிவைத்துவிடலாம். முகவரியை மட்டும் ஒதுக்குவதால் உண்மையான ராம் செலவாகாது. லைப்ரரி எந்த முகவரியைச் சொன்னாலும், அந்தத் துண்டின் ஆரம்பத்தோடு கூட்டித்தான் அது பார்க்கப்படும். எந்த எண்ணைச் சொன்னாலும் வேலிக்கு உள்ளேயோ காவல் பரப்பிலோதான் விழும். காவல் பரப்பைத் தொட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

கோப்பைத் திற, இணையத்தில் அனுப்பு, மைக்கை இயக்கு என்று இயக்க முறைமையிடம் கேட்கிற வழியும் வெப் அசெம்ப்ளி நிரலுக்குத் தானாகக் கிடையாது. மென்பொருள் எதைக் கையில் கொடுக்கிறதோ அது மட்டும்தான் அதற்கு உண்டு.

ஃபயர்பாக்ஸ் செய்து காட்டியது

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும், மோசில்லாவும் சேர்ந்த ஒரு குழு. ஷ்ரவண் நாராயண், டியான் ஸ்டெஃபான், ஹோவாவ் ஷாச்சம் முதலியோர் 2020-இல் வெளியிட்ட அந்தக் கட்டமைப்பின் பெயர் ஆர்எல்பாக்ஸ்.

முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது கிராஃபைட் என்ற எழுத்துரு லைப்ரரி. சிறுபான்மை மொழிகளின் சிக்கலான எழுத்துகளைச் சரியாக வரைவதற்காக எஸ்ஐஎல் அமைப்பு உருவாக்கியது அது. எழுத்துரு கோப்பு இணையத் தளத்திலிருந்து வருகிறது, அதை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். 2016-இல் கிராஃபைட்டில் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டு ஃபயர்பாக்ஸ் பாதிக்கப்பட்டது. எழுத்து வசதி குறைந்த மொழிக்காரர்களுக்கு உதவும் லைப்ரரியைத் தூக்கி எறிவதா, ஆபத்தைச் சுமப்பதா என்ற கேள்விக்கு மூன்றாவது பதில் கிடைத்தது. 2020-இல் ஃபயர்பாக்ஸ் 74 லினக்ஸிலும் 75 மேக்கிலும் கிராஃபைட்டை வேலிக்குள் வைத்தன.

2021 டிசம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 95 இதை எல்லா இயக்க முறைமைகளுக்கும் விரித்தது. கிராஃபைட்டோடு, எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல்லும் ஒலிக்கோப்பு பிரிக்கும் ஓக் லைப்ரரியும் உள்ளே வந்தன. அடுத்த பதிப்பில் எக்ஸ்எம்எல் படிக்கும் எக்ஸ்பாட்டும், இணைய எழுத்துருவை விரிக்கும் வோஃப் 2-ம் சேர்ந்தன. ஃபயர்பாக்ஸில் தமிழ் அகராதியைச் சேர்த்து எழுதுகிறவர்களுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுவது ஹன்ஸ்பெல்தான். நீங்கள் தட்டும் சொல் அந்த வேலிக்குள் போய், சரி அல்லது தவறு என்ற பதிலோடு திரும்பி வருகிறது.

அவர்கள் இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சி மொழி லைப்ரரியை முதலில் வெப் அசெம்ப்ளியாக மாற்றுகிறார்கள். அந்த வெப் அசெம்ப்ளியைத் திரும்பவும் சி மொழிக்கே கொண்டுவருகிறார்கள். பிறகு, நிரலைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் வழக்கமான கம்பைலரால் அதை மற்ற நிரலோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். போய் வந்த அந்தப் பயணத்தில் நிரலின் ஒவ்வொரு நினைவக அணுகலும் வேலிக்கு உட்பட்டதாக மாறிவிடுகிறது. தனி ப்ராசஸ் வேண்டாம். அழைப்பு ஏறக்குறைய ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பு போலவே வேகமாக நடக்கும்.

பதிலைச் சோதிக்காத வேலி வேலியே இல்லை

வேலி கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் மென்பொருளில் ஜேபெக் 2000 படங்களை விரிக்கும் லைப்ரரியை ஆர்எல்பாக்ஸ் முறையில் வேலிக்குள் கொண்டுபோக முடிவெடுத்தோம். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் வாரமே என் மேசைக்கு வந்து, "அக்கா, உள்ளதான் பூட்டி வச்சிட்டோமே. அப்புறம் ஏன் ஒவ்வொரு வரிக்கும் எரர் குடுக்குது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

லைப்ரரி நம்மிடம் ஒரு பதில் சொல்கிறது: இந்தப் படத்தின் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. நாம் இரண்டையும் பெருக்கி நம் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறோம். உள்ளே புகுந்த கெட்டவர் அந்த எண்களைப் பொய்யாகச் சொன்னால்? நம் பெருக்கல் சுற்றி வந்து சின்ன எண்ணாகும், நாமே நம் கையால் வேலிக்கு வெளியே தவறான இடத்தில் எழுதுவோம். அதாவது, ஃபோர்ஸ்ட்என்ட்ரியில் நடந்த அதே பிழையை நம் நிரல் செய்யும். அவர் வெளியே வரவே வேண்டியதில்லை.

ஆர்எல்பாக்ஸ் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது, உறுதியானது. வேலிக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் 'கறை படிந்தது' என்ற அடையாளம் ஒட்டப்படும். கறை படிந்த எண்ணை வைத்து வரிசையில் எதையும் எடுக்க முடியாது, நிபந்தனையில் பயன்படுத்த முடியாது, வேலிக்கு வெளியே உள்ள ஃபங்ஷனுக்கு அனுப்ப முடியாது. நிரலைக் கட்டும்போதே கம்பைலர் மறுத்துவிடும். அகலம் ஒன்றுக்கும் இத்தனை ஆயிரத்துக்கும் இடையில்தான் இருக்கிறதா என்று நாம் எழுத்தில் சோதித்தால்தான் கறை நீங்கும். அவள் பார்த்த எரர் ஒவ்வொன்றும், இதுவரை நாங்கள் கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டிருந்த ஓர் இடம். கம்பைலர் தந்த அந்தப் பட்டியலை வரிசையாக முடித்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

அவள் கண்டுபிடித்த நுணுக்கமான இடங்களும் உண்டு. படத்தில் குறை இருந்தால் அந்த லைப்ரரி நம் ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பி அழைத்து, பிழைச் செய்தி இருக்கும் முகவரியைத் தரும். அந்தச் செய்தி முடிவில்லாமல் நீண்டால் என்ன செய்வது? அளவு வைத்து நகலெடுக்க வேண்டும். அடுத்தது, ஒரு எண்ணைச் சோதித்துவிட்டு, மறுபடி வேலிக்குள்ளிருந்தே அதைப் படிக்கக் கூடாது. சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் உள்ளே இருக்கும் நிரல் அதை மாற்றிவிடலாம். முதலில் நம் பக்கம் நகலெடு, பிறகு நகலைச் சோதி, நகலையே பயன்படுத்து. இந்த மூன்று படிகளையும் அவள் ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்கு மேல் ஒட்டிவைத்தாள்.

வேலை முடிந்தபின் படம் விரியும் நேரம் கொஞ்சம் கூடியது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பயனர் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வேலியால் முடியாதவை

சாண்ட்பாக்ஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஆப்பிளிடம் ஃபோர்ஸ்ட்என்ட்ரி நடந்தபோதே பிளாஸ்ட்டோர் என்ற சாண்ட்பாக்ஸ் இருந்தது. ஐஓஎஸ் 14-இல் வந்த அது, ஐமெசேஜ் வழியாக வருபவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் ஜிஃப் படங்களைக் கையாளும் ஒரு வழி மட்டும் அதற்கு வெளியே, வேறொரு ப்ராசஸில் ஓடியது. தாக்குதல் அந்த வழியாகத்தான் வந்தது. ஐஓஎஸ் 15-இல் அந்த வேலையையும் உள்ளே கொண்டுபோனார்கள். வேலிக்கு வெளியே விடப்பட்ட ஒரே ஒரு லைப்ரரி போதும், மற்ற எல்லா உழைப்பும் வீணாகும்.

2023 செப்டம்பரில் வெப்பி படங்களை விரிக்கும் லைப்ரரியில் ஒரு கடும் குறை வெளிப்பட்டது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட், சிக்னல் என்று ஒரே லைப்ரரியைச் சேர்த்திருந்த மென்பொருள்கள் அடுத்தடுத்து அவசரப் புதுப்பிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஃபயர்பாக்ஸ் முன்பு வேலிக்குள் வைத்த ஐந்து லைப்ரரிகளில் அது இல்லை. வேகம் மிக முக்கியமான இடத்திலும், லைப்ரரியும் மென்பொருளும் ஓயாமல் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இடத்திலும் வேலி போடுவது கடினம்.

2024 மார்ச்சில் நடந்தது வேறு வகை. எக்ஸ்இசட் என்ற தரவு சுருக்கும் திட்டத்தில், நெடுநாள் நல்ல பெயர் எடுத்து உள்ளே வந்த ஒருவர் திட்டமிட்டே ஒரு கள்ளவழியை நுழைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சேவை, சில லினக்ஸ் வெளியீடுகளில், இன்னொரு லைப்ரரி வழியாகச் சுற்றி வளைத்து இந்த லைப்ரரியையும் தன் ப்ராசஸுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆராயப்போன ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளரின் கவனத்தால்தான் அது பிடிபட்டது. சுருக்கிய தரவை விரிக்கிற லைப்ரரி, கடவுச்சாவியைச் சோதிக்கும் ஃபங்ஷனைத் தன் ஃபங்ஷனால் மாற்றிவைக்க முயன்றது. ஒரே நினைவகத்தில் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. வேலிக்குள் இருந்திருந்தால் அந்தச் சாவிச் சோதனை அதன் கைக்கே எட்டியிருக்காது. ஆனால் அந்தக் கள்ளவழி லைப்ரரியைக் கட்டும் கட்டத்திலேயே, கட்டுகிறவரின் கணினியில் ஓடும் சிறு நிரல்களுக்குள் ஒளிந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கட்டத்தை வெப் அசெம்ப்ளி வேலி காக்காது. அதற்குத் தனிக் காவல் வேண்டும்.

உள்ளே இருக்கும் நிரல் தவறான விடை தந்தால் வேலி அதைத் திருத்தாது. ஆனால் ஒரு படம் கோணலாகத் தெரிவதற்கும், ஒரு பத்திரிகையாளரின் போன் முழுவதும் பறிபோவதற்கும் இடையில் உள்ள தூரத்தை அது காப்பாற்றித் தருகிறது. எனக்கு அது போதுமான காரணம்.

இது நியாயம்

சாண்ட்பாக்ஸ் என்றதும் சிலர், 'இலவசமாக எழுதித் தந்தவரைச் சந்தேகப்படுகிறீர்களா?' என்று வருத்தப்படுகிறார்கள். நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன்.

நாம் பயன்படுத்தும் லைப்ரரிகளில் பலவற்றை ஒருவரோ இருவரோ சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்த இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் எழுதியது ஒரு படத்தை விரிக்கும் நிரல். அதைத் தங்கள் வங்கிச் செயலிக்குள்ளும் அரட்டைச் செயலிக்குள்ளும் கொண்டுபோய், எல்லா அதிகாரத்தையும் கையில் கொடுத்தது மற்றவர்கள். அப்புறம் ஒரு கூட்டல் தவறியது என்பதற்காக உலகம் முழுவதும் அந்த ஒருவரைக் குற்றம் சொல்கிறது. ஒரு மனிதரின் ஒரு வரித் தவறு கோடிக்கணக்கானவர்களின் பாதுகாப்பைக் குலைக்கும்படி ஓர் அமைப்பைக் கட்டினால், தவறு கட்டியவர்கள் மேல்தான். வேலி போடுவது நம் பொறுப்பை நாம் திரும்ப எடுத்துக்கொள்வது.

குரோம் குழு தன் பொறியாளர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் நம்பத்தகாத தரவு, நினைவகப் பாதுகாப்பு இல்லாத மொழி, உயர்ந்த அதிகாரம் ஆகிய மூன்றில் அதிகபட்சம் இரண்டுதான் ஓர் இடத்தில் சேரலாம். மூன்றும் சேரக் கூடாது. நம் ஊர்க் கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்பவர்கள் முதல் வருஷமே இதைக் கற்க வேண்டும் என்பது என் விருப்பம். லைப்ரரியை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித்தருகிறோம். சேர்த்த பிறகு அதற்கு என்னென்ன உரிமை போகிறது என்பதைச் சொல்லித்தருவதில்லை.

நிரல் எழுதாதவர்களும் செய்ய வேண்டியது உண்டு. புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். வேலி இல்லாத இடங்களில் இன்றைக்கு அது ஒன்றுதான் காவல். அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருந்தால், விற்பவரிடம் கேளுங்கள்: இதற்குள் யார் யாருடைய லைப்ரரிகள் இருக்கின்றன? வெளியிலிருந்து வரும் கோப்பைப் பிரிக்கிற லைப்ரரி எது? அதில் ஓட்டை இருந்தால் வந்தவர் எதுவரை போக முடியும்? மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

என்னைப் போல் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளில் இருக்கும் லைப்ரரிகளின் பட்டியலை எடுத்து, வெளியாள் அனுப்பும் கோப்பைத் தொடுகிறவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் நமக்கும் அதற்கும் இடையில் பேச்சு மிகக் குறைவாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலில் வேலிக்குள் வையுங்கள். ஃபயர்பாக்ஸும் ஒரு எழுத்துரு லைப்ரரியில்தான் தொடங்கியது.